குட்டி பெருத்தது கிடாவாலா, மழையாலா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே சந்தேகம் பல உருவத்தில் வந்திருக்கிறது. நல்லதைப் பொறுக்கி நிறுத்தி வளர்க்கிறோம், அதனால் வம்சம் தேறுகிறதா, தேறினால் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பட்டியில் 60 மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகள் இருக்கின்றன. ஐந்து வருஷமாகப் பிறக்கிற குட்டிகளிலேயே பெரிய கிடாக்குட்டியை விற்காமல் நிறுத்திப் பொலிகிடாவாக வைக்கிறோம். முன்பு மூன்று மாதக் குட்டி 10 கிலோ நின்றது, இப்போது பதினொன்றரை நிற்கிறது. வம்சம் தேறிவிட்டது என்கிறேன். கால்நடை மருத்துவம் படிக்கும் என் மகள், "அப்பா, அது நல்ல மழையாகவும் இருக்கலாம், பேயசியன் முறையில் கணக்குப் போட்டால்தான் தெரியும்" என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகர், பென்னாகரம் பக்கம்

பதில்: மகள் சொல்வது சரி. அதற்காக ஐந்து வருஷப் பாடு வீண் என்று நினைக்க வேண்டாம், அந்த ஒன்றரைக் கிலோவில் ஒரு பங்கு உங்கள் கிடாக்களால் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எவ்வளவு பங்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கையாலேயே ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் நிறுத்துகிற கிடாக்குட்டி, கூடப் பிறந்த மற்ற கிடாக்குட்டிகளின் சராசரியைவிட 2 கிலோ அதிகம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டைகளில் நீங்கள் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறீர்கள். அப்படியானால் தாய் தகப்பன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மிகுதி 1 கிலோதான். அந்த 1 கிலோவும் அப்படியே குட்டிக்கு இறங்காது, ஏனென்றால் அந்தக் கிடா பெருத்ததற்குத் தாய்க்குப் பால் நிறைய இருந்தது, ஒற்றைக் குட்டியாகப் பிறந்தது, மழைக்குப் பின் பசும்புல் இருந்த நேரத்தில் வளர்ந்தது என்று ரத்தத்தில் இறங்காத காரணங்களும் இருக்கும். இறங்குகிற பங்கைக் கல்லூரியில் ஹெரிட்டபிலிட்டி என்பார்கள், நாம் மரபுப் பங்கு என்று சொல்லிக்கொள்வோம். அது 0.3 என்றால் ஒரு தலைமுறைக்குக் கிடைப்பது 300 கிராம். செம்மறியில் ஒரு தலைமுறை திரும்ப ஏறக்குறைய 3 வருஷம் ஆகும். ஆக 5 வருஷத்துக்கு அரைக் கிலோ. நீங்கள் பார்த்தது ஒன்றரைக் கிலோ. மீதி 1 கிலோ மழையாக இருக்கலாம், நிலக்கடலைக் கொடி கூடுதலாகப் போட்டதாக இருக்கலாம், குடற்புழு மருந்தை வேளாவேளைக்குக் கொடுத்ததாக இருக்கலாம்.

இத்தோடு முடிந்தால் நல்லது, ஆனால் முடியாது. அந்த 0.3 யார் சொன்னது? அது 0.1 ஆக இருந்தால் உங்கள் 5 வருஷ முன்னேற்றம் சுமார் 170 கிராம், 0.5 ஆக இருந்தால் சுமார் 830 கிராம். பழைய முறைகளில் ஏதோ ஒரு மரபுப் பங்கை எடுத்துக்கொண்டு, அதுவே சத்தியம் என்று வைத்து, மேலே கணக்கு ஓட்டுவார்கள். கடைசியில் வருகிற விடையில் அந்தச் சந்தேகம் காணாமல் போயிருக்கும். பேயசியன் முறை அதைத்தான் மாற்றுகிறது. மரபுப் பங்கு 0.1 ஆக இருக்க எவ்வளவு வாய்ப்பு, 0.2க்கு எவ்வளவு, 0.3க்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்து, ஒவ்வொன்றிலும் முன்னேற்றம் எவ்வளவு என்று பார்த்து, எல்லாவற்றையும் அந்தந்த எடைக்குத் தக்கபடி கலக்கிறது. விடையும் ஒற்றை எண்ணாக வராது. 'முன்னேற்றம் இந்த அளவிலிருந்து இந்த அளவுக்குள் இருக்க 95 சதவீதம் வாய்ப்பு, சுழியத்துக்கு மேலே இருக்க இவ்வளவு வாய்ப்பு' என்று வரும். பட்டி வைத்திருக்கிறவருக்கு வேண்டியதும் இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த முறைக்குப் பெயர் கொடுத்த பேயஸ் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த பாதிரியார். 1761இல் இறந்தார், அவர் எழுதி வைத்திருந்த கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் வெளியிட்டார். அதன் சாரம் போச்சம்பள்ளி சந்தையில் வாராவாரம் நடப்பதுதான். ஆட்டு வியாபாரி தூரத்தில் பார்த்ததும் மனதுக்குள் ஒரு எடை போட்டுவிடுவார், பிறகு முதுகெலும்பைத் தடவிப் பார்த்து அதைக் கொஞ்சம் மாற்றுவார், தூக்கிப் பார்த்து இன்னும் கொஞ்சம் மாற்றுவார். முன்பு தெரிந்ததை, புதிதாகத் தெரிந்ததை வைத்துத் திருத்திக்கொண்டே போவது. எவ்வளவு திருத்தலாம் என்பதற்கு பேயஸ் விதி கணக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சரி, மழையையும் ரத்தத்தையும் கணக்கு எப்படிப் பிரிக்கும்? சொந்தங்களை வைத்துத்தான். ஒரே கிடாவின் குட்டிகள் 2 வருஷத்தில் பிறந்திருந்தால், அந்த 2 வருஷத்துக்கும் நடுவே ஒரு பாலம் கிடைக்கிறது. தகப்பன் அதே கிடா, இரண்டாம் வருஷக் குட்டி மட்டும் பெருத்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வருஷத்தின் வேலை. ஒரே தாய் நாலு ஈற்று ஈன்றிருந்தால் அதுவும் பாலம்தான், தாயின் வயதுக்கு மட்டும் தனியாக இடம் விட வேண்டும். நீங்களோ வருஷா வருஷம் கிடாவை மாற்றிவிடுகிறீர்கள் போலிருக்கிறது. இனிமேல் ஒரு நல்ல கிடாவையாவது 2 வருஷம் வைத்திருங்கள். ஆனால் அதன் மகள்களோடு அதையே சேர விடாதீர்கள், சொந்தப் பட்டியிலேயே கிடா நிறுத்துகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து மாட்டுகிற இடம் அது. மேச்சேரி இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வெளியிலிருந்து கிடா மாற்றுவது பற்றி அங்கே கேளுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் நோட்டில் எந்தக் குட்டிகளின் எடை இருக்கிறது? நிறுத்திய குட்டிகளின் எடை மட்டும் என்றால் உங்கள் மகள் எந்த முறையைக் கையில் எடுத்தாலும் பயனில்லை. 1986இல் டேனியல் ஜியனோலாவும் ரோகன் ஃபெர்னாண்டோவும் பேயசியன் முறையைக் கால்நடை இனவிருத்திக்குள் முறையாகக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் தெளிவான ஒரு விஷயம்: எதைப் பார்த்து நீங்கள் பொறுக்கினீர்களோ அந்தத் தகவல் முழுவதும், கழித்தவற்றின் எடையும் சேர்ந்து, கணக்குக்குள் இருந்தால், நீங்கள் பொறுக்கியதால் வரும் கோணல் தானாகச் சரியாகிவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். கழித்தவை இல்லையென்றால் சரியாகாது. நிறுத்தியவை எல்லாம் பெரியவை என்பதால் தாய்க்கும் குட்டிக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள வித்தியாசமே நோட்டிலிருந்து காணாமல் போயிருக்கும், மரபுப் பங்கைக் கண்டுபிடிக்க அந்த வித்தியாசம்தான் வேண்டும்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆடி வந்தால், பக்ரீத் வந்தால், வியாபாரி பட்டிக்கே வந்து முதலில் கேட்பது கொழுத்த குட்டியைத்தான். கைக்குக் காசு வருகிறது என்று இரண்டரை மாதத்திலேயே கொடுத்துவிடுகிறோம். மூன்று மாத எடை போடும்போது மிச்சமிருப்பது நடுத்தரமும் நோஞ்சானும். அந்த வருஷத்துச் சராசரி குறைந்துபோகும், விற்ற குட்டியின் தகப்பன் பெயரும் கெடும்.

அதனால் குட்டி பிறந்த அன்றே காதில் எண் போட்டுவிடுங்கள். பிறந்த தேதி, கிடாவா பெட்டையா, ஒற்றையா இரட்டையா, தாய் எண், தகப்பன் எண், பிறந்த எடை. தொங்கு தராசில் சாக்கைத் தொட்டிலாகக் கட்டி, குட்டியை வைத்து, அது உதறுவதை நிறுத்தி முள் நிற்கும் வரை பொறுத்து எடை எடுங்கள், சாக்கின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். வியாபாரி கையில் கொடுக்கும் முன்பு அதே தராசில் ஒரு தரம் தூக்கி, எடையையும் தேதியையும் எழுதிவிடுங்கள். செத்த குட்டிக்கும் ஒரு வரி வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கிடா பட்டியில் நின்றால் தகப்பன் யாரென்று தெரியாது, சேர்க்கைக் காலத்தில் பட்டியை இரண்டாகப் பிரிக்க முடியுமா பாருங்கள். இது இருந்தால் உங்கள் மகள் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: பேயசியன் முறையில், தகவலைப் பார்ப்பதற்கு முன்பே நம் நம்பிக்கையைக் கணக்கில் போடுகிறார்களாமே. நான் 'என் கிடா உசத்தி' என்று போட்டால் உசத்தி என்றுதானே வரும்? இது எப்படி விஞ்ஞானம்?
— வாசகர், பாலக்கோடு

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் நம்பிக்கை போடாத முறை என்று ஒன்று இல்லை. ஹென்டர்சன் கொண்டுவந்த, உலகம் முழுக்கக் கால்நடைத் தேர்வில் ஓடுகிற பிளப் முறையில் (ஆட்டின் எடையையும் அதன் சொந்தங்களின் எடையையும் வைத்து, குட்டிக்கு என்ன இறங்கும் என்ற இனவிருத்தி மதிப்பை ஊகிக்கிற முறை), மரபுப் பங்கு இன்னதுதான் என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டு அதைச் சந்தேகிக்காமல் போகிறார்கள். அதைவிடப் பெரிய முன்நம்பிக்கை என்ன இருக்கிறது? பேயசியன் முறையில் அதை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது, எழுதியதைப் பார்த்து நீங்களும் நானும் கேள்வி கேட்கலாம்.

நீங்கள் பயப்படுகிற காரியத்துக்குச் சோதனையும் உண்டு. இரண்டு மூன்று விதமான முன்நம்பிக்கைகளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். விடை பெரிதாக மாறவில்லை என்றால் தகவல்தான் பேசியிருக்கிறது. தலைகீழாக மாறினால் உங்கள் நோட்டில் சரக்கு போதவில்லை என்று அர்த்தம், அதையே விடையாக எழுதிவிட வேண்டும். அப்படி எழுதாத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று. குறைவான தகவலை நம்பி ஏமாறாமல் இந்த முன்நம்பிக்கைதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஒரு கிடாவுக்கு 3 குட்டிகள், சராசரியைவிட 1 கிலோ அதிகம். இன்னொரு கிடாவுக்கு 30 குட்டிகள், அதுவும் 1 கிலோ அதிகம். இரண்டும் சமமா? மரபுப் பங்கு 0.3 என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் கிடாவின் அடுத்த குட்டிகள் சராசரியைவிட சுமார் 200 கிராம்தான் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், இரண்டாவதற்கு சுமார் 700 கிராம். மூன்றே மூன்று குட்டியைப் பார்த்துவிட்டு 'என் கிடா உசத்தி' என்று சொல்பவரைச் சராசரிப் பக்கம் இழுத்துப் பிடிக்கிற கணக்கு இது. நீங்கள் பயந்ததற்கு நேர் எதிர்.

கேள்வி: முதுகலை மாணவி. ஒரு பண்ணையின் பழைய பதிவேட்டை வைத்து வேலை செய்கிறேன். ஒவ்வொரு ஆட்டுக்கும் பிளப் மதிப்பு எடுத்து, பிறந்த வருஷத்தோடு ரிக்ரஷன் (வருஷத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் சரிவுக் கோடு) போட்டேன், முன்னேற்றம் உறுதி என்று அழகாக வந்தது. என் வழிகாட்டி ஏற்கவில்லை. ஏன்?
— மாணவி, ஓசூர்

பதில்: வழிகாட்டி சொல்வது சரி. பிளப் மதிப்பு நீங்கள் தராசில் நிறுத்து எடுத்தது இல்லை, மதிப்பீடு. ஒவ்வொன்றிலும் பிழை இருக்கிறது, சொந்தக்கார ஆடுகளின் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனிப் புள்ளிகள் என்று நினைத்து ரிக்ரஷன் போட்டால் பிழை உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும், உறுதி இல்லாத இடத்தில் உறுதி வந்துவிடும். ஜாரட் ஹாட்ஃபீல்டும் கூட்டாளிகளும் 2010இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள், கட்டாயம் படியுங்கள்.

செய்ய வேண்டியது இது. கிப்ஸ் சாம்பிளிங் என்பது, தெரியாத மதிப்புகளை அவற்றின் வாய்ப்புக்குத் தக்கபடி கணினியில் சுற்றுச் சுற்றாகக் குலுக்கி எடுக்கிற முறை. அது ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் எல்லா ஆடுகளுக்கும் ஒரு இனவிருத்தி மதிப்பு விழும். அந்தச் சுற்றுக்குள்ளேயே வருஷவாரியாகச் சராசரி எடுத்து, சரிவைக் கணக்கிட்டு, அந்த ஒரு எண்ணைச் சேமித்துவையுங்கள். ஆயிரக்கணக்கான சுற்றில் சேர்கிற அந்த எண்களின் குவியல்தான் உங்கள் விடை. அதில் எத்தனை பங்கு சுழியத்துக்கு மேலே என்று எண்ணினால் முன்னேற்றம் இருப்பதற்கான வாய்ப்பு கையில் வந்துவிடும். 1994இல் சோரன்சென், வாங், ஜென்சென், ஜியனோலா நால்வரும் தேர்வின் பலனை இப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். மரபு வேறுபாடு எவ்வளவு என்பதும் சுற்றுக்குச் சுற்று மாறுவதால் அந்தச் சந்தேகமும் தானாக உள்ளே வந்துவிடுகிறது.

அதோடு நிற்காதீர்கள். சின்னப் பண்ணையில் யாரும் பொறுக்காவிட்டாலும் சராசரி தன்பாட்டுக்கு மேலேயோ கீழேயோ நகரும், எந்தக் கிடாவின் எந்த மரபணு அதிர்ஷ்டவசமாக அதிகம் இறங்கியது என்பதைப் பொறுத்து. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அதே வம்சாவளியில், அந்தச் சுற்றில் வந்த மரபு வேறுபாட்டை வைத்து, எடைக்கும் மரபுக்கும் சம்பந்தமில்லாமல் சும்மா மதிப்புகளை இறக்கிப் பாருங்கள், அதற்கும் ஒரு சரிவு கிடைக்கும். உங்கள் சரிவு அதைத் தாண்டி நிற்கிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை.

அப்புறம், 'எனக்கு எந்த முன்நம்பிக்கையும் இல்லை' என்று மரபு வேறுபாட்டுக்கு முடிவில்லாத தட்டையான ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். ஹோபர்ட்டும் கசெல்லாவும் 1996இல் காட்டியபடி, அப்படிப்பட்ட சில முன்நம்பிக்கைகளில் கடைசி விடை என்று ஒன்றே இருக்காது, ஆனாலும் கிப்ஸ் சங்கிலி, அதாவது அந்தச் சுற்றுகளின் தொடர், ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். வேறு வேறு தொடக்கத்திலிருந்து 3 சங்கிலியாவது ஓட்டுங்கள். லட்சம் சுற்று ஓட்டினேன் என்று எழுதினால் போதாது, அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழித்தால் தேறுகிற சுற்று எத்தனை என்று எழுதுங்கள். இதற்கு ஆர் என்ற கணினி மொழியில் எம்.சி.எம்.சி.ஜி.எல்.எம்.எம் என்ற நிரல் தொகுப்பு போதும். பதிவு பெரிதாக இருந்தால் பிளப்எஃப்90 குடும்பத்து நிரல்கள் வேகமாக ஓடும்.

கேள்வி: இவ்வளவு கணக்கு எதற்கு? பொறுக்காத பட்டி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடாதா?
— வாசகர், அரூர்

பதில்: தெரியும், முடிந்தால் அதுதான் நேர்வழி. இரண்டு பட்டிக்கும் ஒரே மழை, ஒரே தீனி, ஆகவே வித்தியாசம் ரத்தத்தினுடையது. ஆனால் வளராத பட்டிக்கு வருஷக்கணக்கில் தீனி போட எந்த விவசாயிக்குக் கட்டும்? அந்தப் பட்டியும் சின்னதாக இருந்தால் தன்பாட்டுக்கு நகர்ந்துவிடும் என்று மேலே சொன்னேனே, அதுவும் உண்டு. ஸ்பெயினில் வலென்சியாவில் முயல்களை வைத்து அருமையாகச் செய்தார்கள். பழைய தலைமுறையின் கருக்களை உறையவைத்து, பல தலைமுறைத் தேர்வு முடிந்த பிறகு அவற்றை வளர்த்தெடுத்து, பழையதையும் புதியதையும் ஒரே காலத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஒப்பிட்டார்கள். நம் பட்டிக்கு அது இப்போதைக்கு ஆகிற காரியமில்லை.

கேள்வி: இப்படிப் பொறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முன்னேற்றம் நின்றுவிடுமா?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1896இல் 163 மக்காச்சோளக் கதிர்களோடு எண்ணெய்க்கும் புரதத்துக்கும் தேர்வு தொடங்கினார்கள். நூறு தலைமுறை தாண்டியும் எண்ணெய் கூடிக்கொண்டே போனது, 5 சதவீதத்துக்குள் இருந்தது 20 சதவீதத்தைத் தாண்டியது. அது செடி, ஒவ்வொரு தலைமுறையிலும் நிறையக் கதிர்கள். ஒரே கிடாவை வைத்து ஓட்டுகிற பட்டியில் வேறுபாடு சீக்கிரம் கரையும்.

கேள்வி: எங்களிடம் 4 ஆலம்பாடி மாடுகள் இருக்கின்றன. நாங்களும் இந்த முறையில் நல்ல வம்சம் எடுக்க முடியுமா?
— வாசகர், காரிமங்கலம்

பதில்: 4 மாட்டில் எந்தக் கணக்கும் பேசாது. ஆலம்பாடி உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனம், இப்போது குறைந்துவிட்டது. குறைந்துபோன இனத்தில் கடுமையாகப் பொறுக்கினால் எல்லாம் ஒரே காளையின் பிள்ளைகளாகிவிடும். முதல் வேலை, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத காளைகளை வைத்துக் கன்றுகளைப் பெருக்குவது. உங்கள் மாடுகளின் ஈற்று விவரத்தை, காளை எது என்பதோடு எழுதி, உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையத்தில் கொடுங்கள். பல வீட்டு நோட்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால் அது கணக்குக்கு ஆகும்.

கேள்வி: தோட்டத்தில் பெங்களூரா மா ஒரே ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காய்க்கிறது. அதிலிருந்து ஒட்டு எடுத்தால் தோட்டமே அப்படி ஆகுமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் மரங்கள் எல்லாம் ஒட்டுக்கன்றுகள் என்றால் மேலே இருக்கிற பெங்களூராவின் மரபு எல்லா மரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலும் மண், தண்ணீர், கீழே இருக்கிற வேர்ச்செடி ஆகியவற்றால் வந்திருக்கும். அபூர்வமாக ஒரு கிளையில் மரபே மாறியிருப்பதும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள, அந்த மரத்தின் ஒட்டு சிலவற்றையும் சாதாரண மரத்தின் ஒட்டு சிலவற்றையும் கலந்து ஒரே வயலில் நட்டு, நாலைந்து காய்ப்பு மரவாரியாக எடை போட்டு எழுதிவையுங்கள். அந்த நோட்டோடு பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள்.